இரவல் மூக்கு

உதயகலாவின் தலைக்கவசத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அது ஸ்கூட்டியின் முன்பக்கக் கொளுக்கியில், மரக்கறிப் பைக்குத் துணையாகப் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விழுந்தது உதயகலாதான். உரும்பிராய்ச் சந்தி கழிந்து ஒழுங்கைக்குள் திரும்புகிற இடத்தில், ஒரு ஆட்டுக்கு வழிவிடப்போய் மதகுக்கட்டில் பின்மண்டை அடிபட விழுந்தாள். ஆடு நின்று, பார்த்து, பிறகுதான் போனது என்று பக்கத்துக் கடைக்காரர் அவளுடைய கணவன் சிவகரனிடம் சொன்னார். இந்தத் தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று சிவகரனுக்குத் தெரியவில்லை. "ஓம்" என்றான்.

ஆசுப்பத்திரியில் காயத்துக்கு இழை போட்டுத் தைத்தார்கள், ஸ்கான் எடுத்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்விக்குச் சிவகரன் ஒரே பதிலைச் சொன்னான்.

"தலைக்குள்ளை ஒண்டும் இல்லையாம்."

"உதை ஊர் முழுக்கச் சொல்லுங்கோ" என்று கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. அவள் தப்பிவிட்டாள் என்று அவனுக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சத்தம் குறைந்துபோனது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கோயில் ஒலிபெருக்கி தலைக்குள் இருந்து பாடுவதுபோல இருந்தது. மிக்ஸியைப் பார்த்து "வாயை மூடு" என்று ஒருநாள் ஏசினாள். சில சொற்கள் வர மறுத்தன. அகப்பையைக் காட்டி, "அந்த… கிண்டிறது… உதை எடுங்கோ" என்பாள், பிறகு சொல் வராத கோபத்தில் தானே எழும்பி எடுப்பாள். தலையில் அடிபட்டால் கொஞ்சக் காலம் இப்படித்தான் இருக்கும், பொறுமையாக இருங்கள் என்று விடுதி டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பொறுமை சிவகரனிடம் தேவைக்கு மேலே இருந்தது. வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, வாய்க்காலில் அது ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு அரைநாள் நிற்கக்கூடியவன் அவன். கலியாணம் செய்த நாளில் இருந்து இரண்டு பேருக்குமான கதையை அவள்தான் கதைத்து வந்தாள். யாராவது அவனிடம் ஏதாவது கேட்டால் அவன் அவளைத் திரும்பிப் பார்ப்பான், பதில் வரும். இப்போது பார்த்தால் வரவில்லை. அவனுக்கு மௌனம் பிடிக்கும். ஆனால் அது அவனுடைய மௌனமாக இருக்கவேண்டும். அவளும் பேசாமல் இருந்தபோது வீடு யாரோ பூட்டிவிட்டுப் போனதுபோல இருந்தது.

ஒருநாள் காலை அவள் எழும்பி, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, வறுக்கிற தாச்சியை அடுப்பில் வைத்தாள்.

உதயகலாவின் தொழில் மிளகாய்த்தூள். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, மில்லில் அரைப்பித்துக் கொடுப்பாள். கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிறவர்களின் பெட்டிக்குள், உடுப்புக்கு நடுவில், அவளுடைய தூள் போகும். அவளுடைய கை நல்ல கை என்று சனம் சொன்னாலும், வேலை செய்வது மூக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். மல்லி எந்த நொடியில் பதமாகும், எந்த நொடியில் கருகும் என்பதை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. வறுக்கும்போது முற்றத்தைப் பார்த்துக்கொண்டு கதைப்பாள். மூக்குச் சொன்னதும் கை இறக்கிவைக்கும்.

அன்றைக்கு சிவகரன் கிணற்றடியில் நின்றான். மல்லி கருகும் புகை அவ்வளவு தூரம் வந்தது. ஓடிவந்து குசினி வாசலில் நின்று, தன் வழக்கப்படி ஒரே ஒரு சொல் சொன்னான்.

"மணக்குது."

எங்கள் பக்கத்தில் இந்த ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கும். மல்லிகைப்பூவும் மணக்கும், மீன் வெட்டின இடமும் மணக்கும். எது நல்லது, எது கூடாதது என்று மூக்குப் பார்த்துக்கொள்ளும். சொல்லுக்கு அந்த வேலை இல்லை.

உதயகலா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "பின்னை, மணக்காதே?" என்றாள். பெருமையாக இன்னும் இரண்டு கிண்டு கிண்டினாள்.

தாச்சிக்குள் மல்லி கரியாகிக்கொண்டிருந்தது.

சிவகரன் அவளுடைய சிரிப்பைப் பார்த்தான். புகையைப் பார்த்தான். அவனுடைய முகத்தில் என்ன தெரிந்ததோ, அவளுடைய சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. குனிந்து தாச்சியைப் பார்த்தாள். அடுப்பை நிற்பாட்டினாள்.

கருகின மல்லியை முற்றத்தில் கொட்டிவிட்டு வந்தாள்.

"ஆசுப்பத்திரியிலேயே தெரியும்" என்றாள் கடைசியில். "அந்த டெற்றோல் மணம் வரேல்லை. அங்கை துப்பரவு செய்யிறேல்லையாக்கும் எண்டு நினைச்சன். வீட்டை வந்து கற்பூரம் கொளுத்தினன். அதுவும் இல்லை. பெற்றோல், சவுக்காரம், உங்கடை தோட்டத்துச் சேட்டு, ஒண்டும் இல்லை. எல்லாம் தண்ணி மாதிரி."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால்?" என்றாள். "மூக்கில்லாதவள் வறுத்த தூளை ஆர் வாங்குவினம்? உங்கடை கொக்காவுக்குத் தெரிஞ்சுதெண்டால், பின்னேரத்துக்கிடையிலை கோப்பாய்க்கும் தெரியும், கனடாவுக்கும் தெரியும்."

சிவகரனின் அக்கா இராசமலர் கோப்பாயில் இருந்தாள். யாருடைய வீட்டுப் படலையைத் திறந்தாலும், அங்கே அன்றைக்கு என்ன கறி, அதில் என்ன குறை என்று உள்ளே வருமுன்னமே சொல்லிவிடுவாள். இந்தத் திறமையை அவள் எந்தக் காலத்திலும் மறைத்துவைத்தது இல்லை.

"அக்காவுக்குச் சொல்லமாட்டன்" என்றான் சிவகரன். யாருக்கும் எதையும் சொல்லாதவனுக்கு இது கஷ்டமான வாக்கு இல்லை.

*

முதலில் சாவகச்சேரிப் பக்கத்து ஆழ்வாப்பிள்ளைப் பரியாரியாரிடம் போனார்கள். அவர் தலையைத் தடவி, நாடி பார்த்து, மூக்குக்குள் இரண்டு துளி எண்ணெய் விட்டு, உச்சிக்கும் எண்ணெய் வைத்துத் தேய்த்தார். திரும்பி வரும் பஸ்ஸில் முன் ஆசனத்துப் பெண் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள், பிறகு எழும்பி வேறு இடத்துக்குப் போய் நின்றாள். சிவகரன் யன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டு வந்தான்.

"எண்ணெய் கூடாமல் மணக்குதோ?" என்று உதயகலா மெல்லக் கேட்டாள்.

"இல்லை. நல்ல… உறுதியான எண்ணெய்."

பரியாரியார் நேர்மையான மனிதர். "உது மூக்கின்ரை பிழை இல்லைப் பிள்ளை. உள்ளுக்குள்ளை மூளைக்குப் போற கம்பி அறுந்த பிழை. என்ரை எண்ணெய் நித்திரையைத் தரும், தலையிடியைக் குறைக்கும். மணத்தைத் தருமெண்டு நான் பொய் சொல்லமாட்டன்" என்று அனுப்பியிருந்தார். சொன்னபடியே அவளுக்கு நித்திரை வந்தது. பக்கத்தில் படுத்தவனுக்குத்தான் வரவில்லை.

இராசமலர் இதை வெறும் தலையிடி என்று நினைத்து, கீரிமலைத் தீர்த்தக் கேணிக்குக் கூட்டிக்கொண்டு போய் முழுகவைத்தாள். உதயகலா தடிமனோடு திரும்பி வந்தாள். தடிமன் வந்ததில் அவளுக்கு ஒரு சந்தோசம்: "இப்ப ஆரும் கேட்டால் மூக்கடைப்பு எண்டு சொல்லலாம்."

கடைசியாக ஆசுப்பத்திரியில் காது மூக்குத் தொண்டைக் கிளினிக். தக்சாயினி என்ற இளம் டொக்டர், பின்மண்டை அடிபடும்போது மூளை உள்ளே குலுங்கி மெல்லிய மணநரம்புகள் அறுந்துபோகும் என்று விளங்கப்படுத்தினாள். திரும்பி வளரலாம். மாதக்கணக்கில் எடுக்கும். வராமலும் போகலாம். மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் மூக்குக்குத் தேகாப்பியாசம் இருக்கிறது என்றாள். நாலு மணம், காலையும் மாலையும், ஒவ்வொன்றாக முகரவேண்டும். முகரும்போது அந்த மணத்தை மனதால் நினைக்கவேண்டும்.

"என்ன நாலு மணம் டொக்டர்?"

"ரோசாப்பூ, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ். வெளிநாட்டிலை உதுகளைத்தான் குடுக்கினம்."

"ரோசாப்பூவோடை எனக்கென்ன பழக்கம்? இவர் ஒருக்கா எண்டாலும் வாங்கித் தந்திருந்தால் நினைக்கலாம்."

டொக்டர் சிவகரனைப் பார்த்தாள். சிவகரன் சுவரில் இருந்த காதின் படத்தைப் பார்த்தான்.

"அப்ப உங்களுக்குப் பழகின சாமானாப் பாத்து எடுங்கோ" என்றாள் டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நாலு ஜாம் போத்தல்கள் ஆயத்தமாகின. நற்சீரகம், கராம்பு, எலுமிச்சந்தோல் என்று மூன்றை அவள் தீர்மானித்தாள். நாலாவதை அவன் வைத்தான்: கருவாடு. உதயகலா கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருக்க, அவன் ஒவ்வொரு போத்தலாகத் திறந்து மூக்கடியில் பிடிப்பான். முதல்நாள் அவள் நெடுக மூச்சை இழுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"டொக்டர் நினைக்கச் சொன்னா. எனக்கு நினைப்பும் வருகுதில்லை. நீங்கள் மணந்து சொல்லுங்கோ, எப்பிடி இருக்கு?"

அவன் முகர்ந்தான். "கராம்பு மாதிரி."

"இஞ்சாருங்கோ, நான் உங்களிட்டைப் பேரே கேட்டனான்? அது எப்பிடி இருக்கெண்டு சொல்லுங்கோ."

சிவகரன் யோசித்தான். வாய்க்காலில் தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேருகிற அளவு நேரம் யோசித்தான். உதயகலா போத்தலுக்கு முன்னால் மூக்கை நீட்டியபடி காத்திருந்தாள்.

"பல்லுக்கொதிக்குக் கராம்பை வைச்சுக் கடிச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் போறமாதிரி" என்றான்.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். "பிறகு?"

"வாத்தியார் கேள்வி கேக்கப்போறார். வாயைத் திறந்தால் கராம்பு விழுந்திடும். அந்தப் பயம் மாதிரி."

"அதுதான் அண்டைக்கு மூடின வாயோ?" என்றாள். ஆனால் திரும்பக் கண்ணை மூடி இன்னொருதரம் இழுத்தாள். "சரி, அடுத்தது."

கருவாட்டுக்கு அவன் அதிகம் யோசிக்கவில்லை. "அக்கா கோவத்திலை கதையாமல் இருக்கேக்கை வீட்டுக்குள்ளை ஒரு இது இருக்குமெல்லே, அது மாதிரி."

உதயகலா சிரித்தாள். மதகடியில் விழுந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். சிரித்தபோது தையல் போட்ட இடம் இழுத்து நொந்தது. "ஐயோ" என்று தலையைப் பிடித்துக்கொண்டும் சிரித்தாள். அவன் போத்தலை மூடமறந்து நின்றான்.

மணம் வரவில்லை. ஆனால் காலையும் மாலையும் அந்த நாலு போத்தலுக்காக அவன் சொற்களைத் தேட வேண்டியிருந்தது. தோட்டத்தில் மண்வெட்டியோடு நிற்கும்போதும் எலுமிச்சந்தோல் எதைப்போல இருக்கும் என்று யோசித்துக்கொண்டு நிற்பான். நேற்றுச் சொன்னதை இன்றைக்குச் சொன்னால் அவள் விடமாட்டாள். "பழசு, பழசு. வேறை சொல்லுங்கோ."

*

அந்த நேரம் பார்த்து இராசமலர் டெலிபோன் எடுத்தாள். அவளுடைய மகன் ஜெயதீபன் கனடாவில் இருந்து லீவில் வந்து நின்றான். திரும்பிப் போகிறான், கொண்டுபோகத் தூள் வேண்டும். நிறைய வேண்டும். வெள்ளிக்கிழமை வறுக்கச் சொல்லி, தானே வந்து எடுப்பதாகவும் சொன்னாள்.

டெலிபோனை வைத்துவிட்டு உதயகலா வெறும் தாச்சியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஏலாதெண்டு சொல்லும்" என்றான் சிவகரன்.

"சொன்னால் ஏன் எண்டு கேப்பா. காரணம் சொன்னால் எல்லாம் முடிஞ்சுது." கொஞ்சம் பொறுத்து, குரலைத் தணித்துச் சொன்னாள்: "வறுக்கிறன். ஆனால் ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. இந்தத் தூள் பிழைச்சால் நான் இனித் தாச்சி வைக்கமாட்டன். தலையிடியோடை இருக்கலாம். சொல்லு மறந்துபோறதோடையும் இருக்கலாம். என்ரை கையாலை கரியை வறுத்துச் சனத்துக்குக் குடுத்துக்கொண்டு என்னாலை இருக்கேலாது."

அவள் சும்மா சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும். தாச்சியையும் எடுத்துவிட்டால் அவள் நாள் முழுக்க அந்தக் கதிரையிலேயே இருந்துவிடுவாள்.

"நான் நிக்கிறன்" என்றான். "நான் மணந்து சொல்லுறன்."

"நீங்களோ? நீங்கள் 'மணக்குது' எண்டுதானே சொல்லுவியள்."

அன்றைக்கே 'மணக்குது' என்ற சொல் அந்த வீட்டில் தடைசெய்யப்பட்டது. பதிலாக மூன்று சொற்களைத் தெரிந்தெடுத்தார்கள். பதம் நெருங்கினால் 'வருது'. பதமானால் 'வந்திட்டுது'. கருகத் தொடங்கினால் 'போகுது'. இரண்டு தரம் ஒத்திகை பார்த்தார்கள். சிவகரன் நன்றாகச் செய்தான். பஸ் கொண்டக்டர் வேலைக்கே போகலாம் என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை, இராசமலர் பின்னேரம் வருவாள் என்று நினைத்திருந்தார்கள். முதல் தாச்சி மல்லி அடுப்பில் ஏறின உடனேயே படலை திறந்தது.

"சரியா அடுப்பிலை வைக்கேக்கை வந்திட்டன் போலை" என்று நேரே குசினிக்குள் வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். பிறகுதான் தம்பியைக் கண்டாள். "டேய் தம்பி, நீயென்னடா குசினிக்குள்ளை? தோட்டத்தை வித்துப்போட்டியோ?"

"சும்மா."

"சும்மாவோ? உதயா, உவன் எப்பவாவது உதுக்குள்ளை வந்தவனே? சாப்பாட்டுக்கும் கோப்பையை வெளியிலை நீட்டுறவனெல்லே?"

"தலை சுத்தினால் எண்டு பக்கத்திலை நிக்கிறார், மச்சாள்" என்றாள் உதயகலா கிண்டிக்கொண்டே.

"பாத்தியே, அடிபட்டது உனக்கு, புத்தி வந்தது அவனுக்கு."

சிவகரன் மூக்கை விரித்தான். மல்லியின் பச்சை மணம் கழன்று, சூடான ஒரு இனிப்பு எழும்பத் தொடங்கியது. அக்கா இருக்கிறாள்; ஆனால் சொல்லாமல் விடமுடியாது.

"வருது" என்றான்.

இராசமலர் படலையைப் பார்த்தாள். "ஆர்?"

அவன் தாச்சிப் பக்கம் மூக்கை நீட்டினான். உதயகலாவின் அகப்பை வேகமானது.

"வந்திட்டுது."

தாச்சி இறங்கியது. இராசமலர் எழும்பி, சேலையைச் சரிசெய்துகொண்டு, முற்றம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒரு குருவியையும் காணேல்லை. ஆரடா வந்தது?"

"நாய்."

"நாய்க்கோ நான் சேலையைச் சரிசெய்தனான்?"

பெருஞ்சீரகத்துக்கு அவன் மறுபடி "வருது" என்றபோது, "உந்த நாய்க்கு வேறை வேலையில்லையோ?" என்றாள் அவள். நற்சீரகத்துக்கும் நாய் வந்து போனது. வெந்தயத்துக்கு வந்தபோது இராசமலர் விளக்குமாற்றை எடுத்துத் தயாராக மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். உதயகலாவின் தோள் குலுங்குவது பின்னால் நின்ற சிவகரனுக்குத் தெரிந்தது. எல்லாம் பதமாக இறங்கின. மிளகாயும் இன்னொரு தாச்சி மல்லியும்தான் மிச்சம்.

மிளகாயைக் கடைசியாக வறுப்பதுதான் உதயகலாவின் வழக்கம். இராசமலர் விடவில்லை. "மிளகாயை இப்ப போடு. நிறத்தை நான் பாக்கவேணும். போனமுறை கனடாவிலை கறி கறுப்பாப் போச்செண்டு பெடியன் சொன்னவன்."

மிளகாய் ஏறியது. மிளகாய்ப் புகைக்கு மூக்கு வேண்டியதில்லை, தொண்டையே போதும். அங்கே மூன்று பேரும் சரிசமமாக இருமினார்கள். உதயகலாவின் கண்ணில் தண்ணீர் ஓடியது. சிவகரன் தொடர்ந்து தும்மினான். ஒவ்வொரு தும்மலுக்கும் மூக்குக்குள் ஒவ்வொரு கதவு சாத்துப்பட்டது. மிளகாய் இறங்கி, இரண்டாவது மல்லி ஏறியபோது, அவனுக்கு வாயால்தான் மூச்சு வந்தது.

அவன் இழுத்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. இன்னும் பலமாக இழுத்தான். எல்லாம் தண்ணீர் மாதிரி என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் இத்தனை நாளும் இதற்குள்தான் இருக்கிறாள் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. சொல்லிக் கேட்டபோது விளங்கவில்லை.

உதயகலா அவனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். அது 'இன்னும் இல்லை' என்றா, 'எனக்குத் தெரியவில்லை' என்றா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. புகைக்குள் நிறமும் தெரியவில்லை. அவன் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். 'வருது' என்றால் பாதகமில்லை. ஆனால் அவள் அந்தச் சொல்லை நம்பிக் கிண்டுவாள். பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கதிரையில் இருந்த இராசமலர் கழுத்தை நீட்டினாள்.

"மணக்குது" என்றாள்.

"எந்த மணம்?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

இராசமலர் பயந்துபோனாள். "என்னடி எந்த மணம்? மணம் எண்டால் மணம்தானே!"

"நல்லாவோ கூடாமலோ?" என்றான் சிவகரன்.

"மச்சாள், கெதியாச் சொல்லுங்கோ" என்றாள் உதயகலா. அகப்பை நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. "எனக்கு மணமில்லை. விழுந்த நாளிலை இருந்து ஒண்டும் இல்லை. கற்பூரமும் இல்லை கருவாடும் இல்லை. இவர்தான் மணந்து சொல்லிக்கொண்டு நிண்டவர், இப்ப இவரும் அடைச்சுப்போனார். எனக்கொண்டும் தெரியேல்லை. இறக்கவோ, விடவோ?"

அடிபட்ட பிறகு அவள் ஒரே மூச்சில் கதைத்த நீளமான கதை அதுதான்.

இராசமலரின் வாய் திறந்தது, மூடவில்லை. ஆனால் அவளுடைய மூக்கு தன் பாட்டில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கையைத் தூக்கினாள்.

"பொறு. கிண்டு. விடாமல் கிண்டு. இன்னும் கொஞ்சம்… அடியிலை இருந்து எடுத்துக் கிண்டு… இப்ப! இறக்கு, இறக்கு!"

சிவகரன் வெறுங்கையால் தாச்சியைப் பிடித்து இறக்கினான். பிறகுதான் "ஆ" என்றான்.

மல்லி பொன்னிறமாக இருந்தது. மூன்று பேரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நல்ல மௌனம் ஒன்று விழுந்தது. சிவகரனுக்குப் பிடித்த வகை. இராசமலர்தான் அதைக் கலைத்தாள்.

"அப்ப நாய்?"

"நாய் இல்லை, அக்கா."

அவள் விளக்குமாற்றால் அவனுக்கு ஒன்று போட்டாள். பிறகு உதயகலாவின் பக்கம் திரும்பினாள். "போன கிழமை நான் கொண்டந்த பிலாப்பழம் நல்லா மணக்குதெண்டு சொன்னாயே?"

"நீங்கள் முதல் சொன்னியள் மச்சாள். நான் ஓம் எண்டனான்."

"எனக்கேன் சொல்லேல்லை?" குரல் மாறியிருந்தது. "கூடப்பிறந்தவள் மாதிரித்தானே…"

உதயகலா அவனைப் பார்க்கவில்லை. இருந்தும் இந்த முறை பதிலை அவனே சொன்னான். "நீ ஊர் முழுக்கச் சொல்லுவாய் எண்டு பயம், அக்கா."

இராசமலர் ஒரு கணம் யோசித்தாள். "சொல்லத்தான் போறன். ஏன் சொல்லப்படாது? கால் முறிஞ்சால் சொல்லுறம். மூக்கென்ன, களவெடுத்த சாமானோ?"

சொன்னபடி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்குத் தெரிந்தது. ஒரு குடும்பம் கொடுத்திருந்த ஓடரைத் திருப்பி எடுத்தது. உதயகலா ஒரு பின்னேரம் முழுக்கப் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தாள். மற்றவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு அவள் தானே முன்கூட்டிச் சொல்லிவிட்டாள்: "வறுக்கிறது நான். மணக்கிறது மச்சாள். பிழையெண்டால் அவவை ஏசுங்கோ." இராசமலரை ஏசலாம் என்று கேள்விப்பட்டு ஒன்றிரண்டு பேர் புதிதாகவும் வாங்கினார்கள்.

வறுக்கிற நாட்களில் இராசமலர் கோப்பாயில் இருந்து பஸ் ஏறி வந்து கதிரையில் இருந்தாள். 'வருது', 'வந்திட்டுது' என்று சுருக்கமாகச் சொல்வது அவளுக்குச் சரிவரவில்லை. ஒரு தாச்சி மல்லிக்கு முழு ஊர்ப்புதினமும் சொல்லி, நடுவில் "இறக்கு" என்பாள். சிவகரன் குசினியில் இருந்து வெளியேற்றப்பட்டான். அவனுக்கு அது கொஞ்சம் மனவருத்தம்தான், வெளியே காட்டவில்லை. காலையும் மாலையும் நாலு போத்தல்கள் மட்டும் அவனுக்கு மிஞ்சின. அவற்றை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

*

கிளினிக்கில் டொக்டர் தக்சாயினி, "ஏதும் முன்னேற்றம் தெரியுதோ?" என்று கேட்டாள்.

"எனக்கில்லை டொக்டர். இவருக்கு இருக்கு" என்றாள் உதயகலா. "கதைக்கத் தொடங்கியிட்டார்."

டொக்டர் ஆர்வமாகச் சிவகரனைப் பார்த்தாள். அவன் "ஓம்" என்றான்.

"வீட்டிலை வந்து பாக்கவேணும் நீங்கள்" என்றாள் உதயகலா.

இன்னும் செய்யுங்கள், விடவேண்டாம் என்று டொக்டர் சொன்னாள். வரும்போது சிலருக்குப் பிழையாகத்தான் வரும், நல்ல மணங்கள் அருவருப்பாக இருக்கும், அப்படி வந்தால் பயப்படவேண்டாம், நரம்பு திரும்ப வேலைக்கு வருகிறது என்று நினைக்கச் சொன்னாள். உதயகலா தலையாட்டினாள். இப்படி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லிவிட்டார்கள்.

மோட்டச்சைக்கிளில் திரும்பி வந்தார்கள். கோப்பாய் கழிந்து கொஞ்சத் தூரத்தில் அவள் அவனுடைய தோளில் தட்டினாள்.

"நிப்பாட்டுங்கோ. ரயர் எரியுது."

அவன் நிற்பாட்டி இறங்கினான். முன்சில்லைத் தொட்டான், பின்சில்லைத் தொட்டான். புகையும் இல்லை, சூடும் இல்லை. "ஒண்டும் இல்லையே" என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றான். மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"உமக்கு மணக்குதோ?"

"குடலைப் பிரட்டுது. ரயரோடை ஏதோ பிளாஸ்ரிக்கும்… எங்கையிருந்து வருகுது?"

சிவகரன் சுற்றிப் பார்த்தான். தெருவுக்கு அந்தப் பக்கத்தில் பேக்கரி. பின்னேரப் பாண் போறணை அடுப்பால் இறங்கி, தட்டுத்தட்டாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"அது பாண்" என்றான்.

"விசர்க்கதை கதையாதையுங்கோ."

அவன் ஓடிப்போய் மேல் முறுகின ஒரு றோஸ் பாணைப் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தான். கை சுட்டது. அவள் முந்தானையை எடுத்துவிட்டு, சந்தேகத்தோடு குனிந்து, மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள். உடனே பின்னால் பாய்ந்து, "சீ!" என்று ஓங்காளித்தாள். கண்ணால் தண்ணீர் வந்தது. துடைத்துவிட்டுத் திரும்பவும் குனிந்தாள். மறுபடியும் "சீ!"

தெருவால் போன சைக்கிள்காரர் ஒருவர் நின்று பார்த்தார்.

"உண்மையிலை உது எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள், மூக்கைப் பாணில் இருந்து எடுக்காமலே. "சொல்லுங்கோ."

அவன் மற்றப் பக்கத்தால் குனிந்து முகர்ந்தான். நடுவில் பாண், இரண்டு பக்கமும் இரண்டு முகம்.

"மழைக்கு நனைஞ்சு வந்து, காய்ஞ்ச துவாயாலை தலை துடைக்கிற மாதிரி" என்றான். இந்த முறை அவன் யோசிக்கவே இல்லை.

"பொய்" என்றாள். முகம் கோணிப்போயிருந்தது. இன்னொருதரம் நெடுக இழுத்தாள். "ரயர். தனி ரயர்."

பேக்கரிப் பெடியன் தெருவைக் கடந்து வந்துவிட்டான். "ஏன் அக்கா, பாண் பிழையோ? இப்பத்தானே எடுத்தது."

"பிழையில்லைத் தம்பி" என்றாள் உதயகலா, பாணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "அருமையாக் கூடாமல் மணக்குது. இன்னொண்டு தாரும், வீட்டை கொண்டுபோகவேணும். நல்ல சூடாப் பாத்து."